கப்பல் வாங்கிய வக்கீல்



உண்டியலில் சேர்த்த காசைக் கொண்டு நீங்கள் முதன்முதலாக வாங்கிய பொருள் எது? பம்பரமா? பேனாவா? கிரிக்கெட் மட்டையா? வாங்கிய பிறகு, அடடா, இதை நன்றாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று நினைத்தது உண்டா?

எனக்கு உண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்குப் போய்வர ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதைப் பார்த்து மயங்கிவிட்டேன். ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே செயின் கழன்றது. சக்கரத்தில் கோட்டம். டியூபில் ஏழு ஒட்டு! வாங்கின விலையில் பாதியைப் பழுது பார்க்கவே கொடுத்தேன். பொருளின் விலை வேறு, அதை வைத்துக் காப்பாற்றும் செலவு வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரு சைக்கிளுக்கே இப்படி. கப்பலுக்கு எப்படி இருக்கும்?

கப்பல் தொழிலில் எந்த அனுபவமும் இல்லாத ஒரு வக்கீல் நம் ஊரில் இருந்தார். தம் 34-ஆம் வயதில் அவர் கப்பல் வாங்கப் புறப்பட்டார். அதுவும் எப்படிப்பட்ட கப்பல் தெரியுமா? ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு கடல் கடக்கும் நீராவிக் கப்பல்! அவர்தான் வ.உ.சிதம்பரனார். கப்பலோட்டிய தமிழன் என்று நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கப்பலை அவர் எப்படி வாங்கினார், வாங்கியபின் என்ன ஆயிற்று என்பதை இன்று சொல்கிறேன்.

ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை

தூத்துக்குடிக்கு அருகே ஒட்டப்பிடாரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. வீரபாண்டிய கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி அதற்குப் பக்கத்தில்தான். அந்த ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் வ.உ.சி. பிறந்தார். தந்தையார் உலகநாதர், தாயார் பரமாயி அம்மாள். தந்தையார் வக்கீல். ஓரளவு வசதியான குடும்பம்.

உள்ளூரிலும் தூத்துக்குடியிலும் படித்தார். சில காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். அந்த வேலை பிடிக்கவில்லை. திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் படித்து, தந்தையாரைப் போலவே வக்கீலானார்.

ஏழைகளின் வழக்கு என்றால் காசு வாங்காமலே வாதாடுவார். போலீசார் பொய் வழக்குப் போட்டால் விடமாட்டார். இதனால் அதிகாரிகளுக்கு அவர்மேல் கோபம். உள்ளூரில் இருந்தால் மகனுக்குத் தொல்லை வரும் என்று பயந்த தந்தையார், 1900-ஆம் ஆண்டில் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். தொல்லை வேண்டாம் என்று அனுப்பிய ஊரில்தான் அவருடைய பெரிய போராட்டமே தொடங்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கரையில் நின்று பார்த்தார்

அந்தக் காலத்துத் தூத்துக்குடியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சென்னையிலிருந்து வரும் ரயில் அங்கே வந்து முடியும். ரயிலில் வந்து இறங்குபவர்களில் பலர் கொழும்புக்குப் போகிறவர்கள். வியாபாரிகள், தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளிகள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் என்று கூட்டம் இருந்துகொண்டே இருக்கும். அரிசி மூட்டை, துணி மூட்டை என்று சரக்கும் மலைபோல் குவிந்திருக்கும்.

கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. சில மைல் தள்ளிக் கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் தோணிகளிலும் படகுகளிலும் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றுவார்கள்.

தோணி நம்மவர்களுடையது. மூட்டை சுமப்பவர்கள் நம்மவர்கள். சரக்கு நம்முடையது. காசு கொடுத்துப் பயணம் செய்பவர்களும் நம்மவர்களே. கப்பல் மட்டும் ஆங்கிலேயருடையது! பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்பது அதன் பெயர். பல நாட்டுத் துறைமுகங்களுக்கும் கப்பல் விட்டுவந்த மிகப் பெரிய கம்பெனி அது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அவர்கள் வைத்ததுதான் கட்டணம். போட்டிக்கு ஆள் இல்லை.

தெருவில் ஒரே ஒரு மளிகைக் கடைதான் இருக்கிறது என்று வையுங்கள். கடைக்காரர் சொல்வதுதானே விலை? அதே கதைதான் கடலிலும்.

1905-ஆம் ஆண்டு ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. நாடெங்கும் மக்கள் கொதித்தார்கள். அன்னியப் பொருள் வேண்டாம், சொந்த நாட்டுப் பொருளே வாங்குவோம் என்ற சுதேசி இயக்கம் பரவியது. வ.உ.சி.யும் அதில் இறங்கினார். தூத்துக்குடியில் நெசவுச் சாலையும் சுதேசிப் பண்டகசாலையும் தொடங்கப் பாடுபட்டார்.

பிறகு ஒரு படி மேலே போய் யோசித்தார். சுதேசித் துணியையே விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொழும்புக்கு அனுப்ப ஆங்கிலேயர் கப்பலுக்குத்தானே காசு கொடுக்க வேண்டியிருக்கிறது? அப்படியானால் நமக்கென்று ஒரு கப்பல் வேண்டாமா?

ஒருவர் காசு போதாது, ஊரார் காசு வேண்டும்

கப்பல் வாங்கப் பல லட்சம் ரூபாய் வேண்டும். அன்றைக்கு லட்சம் என்பது சாமானியத் தொகையா? ஒரு வக்கீல் தம் சம்பாத்தியத்தில் வாங்கக்கூடிய பொருள் அல்ல கப்பல்.

அதனால் வ.உ.சி. ஒரு கம்பெனி தொடங்கினார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அது பதிவாயிற்று. பெயர், சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 25 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், கணக்குச் சரியாக வருகிறதா?

பங்கு என்றால் என்ன? உங்கள் வகுப்பில் நாற்பது பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு கால்பந்து வாங்குகிறீர்கள். பந்து யாருடையது? எல்லாருடையதும். ஒருவன் இருபது ரூபாய் போட்டால் அவனுக்கு இரண்டு பங்கு. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் பங்குக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்ள வேண்டும். கம்பெனிப் பங்கும் இப்படித்தான்.

பாலவனத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார். அதாவது 2 லட்சம் ரூபாய்! வ.உ.சி. துணைச் செயலாளர். பெயருக்குத்தான் துணை. ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றது, கடிதம் எழுதியது, கணக்குப் பார்த்தது என்று ஓடியாடி உழைத்தவர் அவர்தான்.

ஜமீன்தாரும் இருந்தார், வணிகரும் இருந்தார், 25 ரூபாய் போட்ட சாதாரண மனிதர்களும் இருந்தார்கள். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து போட்ட பணம் அது.

முதலில் வாடகைக் கப்பல்

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கையில் பணம் சேரத் தொடங்கியதும் வ.உ.சி. கப்பல் வாங்க ஓடவில்லை. முதலில் வாடகைக்கு எடுத்தார். பம்பாயில் ஷாலைன் என்ற கப்பல் கம்பெனி இருந்தது. அவர்களிடம் கப்பல்களைக் குத்தகைக்குப் பேசித் தூத்துக்குடி - கொழும்புப் பாதையில் ஓட்டினார்கள்.

நல்ல யோசனைதானே? புதிதாகத் தொழிலில் இறங்குபவர் முதலில் வாடகை வண்டி ஓட்டிப் பழகுவது போல. மக்கள் வருவார்களா, சரக்கு கிடைக்குமா, என்ன செலவு ஆகும் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

மக்கள் வந்தார்கள்! வணிகர்கள் சரக்கு கொடுத்தார்கள். நம் கம்பெனி என்ற பெருமை எல்லாருக்கும்.

ஆங்கிலக் கம்பெனி சும்மா இருக்குமா? ஷாலைன் கம்பெனியை நெருக்கியது. அவர்களும் வேறு வழியின்றிக் குத்தகையை முறித்துக் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திடீரென்று சுதேசிக் கம்பெனி இருக்கிறது, கப்பல் இல்லை! கம்பெனியின் பெயரைக் காப்பாற்ற வ.உ.சி. அவசரமாக இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. இரவல் பொருளை நம்பித் தொழில் நடத்தினால், கொடுத்தவர் கேட்கும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். சொந்தக் கப்பல் இல்லாமல் இனி முடியாது.

பம்பாய்க்குப் புறப்பட்டார்

கப்பல் வாங்க வேண்டுமானால் பம்பாய்க்குப் போக வேண்டும். அங்கேதான் பெரிய வணிகர்கள் இருந்தார்கள். பங்குகளையும் விற்கலாம், கப்பலுக்கும் வழி பார்க்கலாம்.

ஆனால் அந்தச் சமயத்தில் வீட்டு நிலைமை என்ன? மூத்த மகன் உலகநாதன் நோயில் படுத்திருந்தான். மனைவி மீனாட்சி அம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. இந்த நேரத்திலா போவது, சற்றுப் பொறுத்துப் போகலாமே என்று நண்பர்கள் தடுத்தார்கள். வ.உ.சி. கேட்கவில்லை. இறைவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். திரும்பினால் கப்பலோடுதான் திரும்புவேன் என்று சபதமும் செய்தார்.

குழந்தைகளே, இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கும். அப்பா இப்படி விட்டுவிட்டுப் போகலாமா என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான். எனக்கும் அந்த இடத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். கம்பெனியில் பணம் போட்ட அத்தனை பேருக்கும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். கப்பல் இல்லாத ஒவ்வொரு நாளும் அந்த வாக்கு உடைந்துகொண்டே இருந்தது. இரண்டு கடமைகளில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவை எடுத்த அவருக்கு அது எத்தனை கனமாக இருந்திருக்கும்!

பழைய சைக்கிள் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ரிம், செயின், பிரேக், டயர். நீராவிக் கப்பல் வாங்கும்போது? கொதிகலன் நன்றாக இருக்கிறதா, எத்தனை நிலக்கரி தின்னும், எத்தனை மூட்டை ஏற்றலாம், எத்தனை பேர் பயணம் செய்யலாம் என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். கப்பலை நடத்தக் கப்பித்தான் வேண்டும், இயந்திரம் பார்ப்பவர் வேண்டும், கரி அள்ளிப் போட ஆள் வேண்டும், மாலுமிகள் வேண்டும். சட்டப் புத்தகம் படித்த வக்கீலுக்கு இவை எல்லாமே புதுப் பாடம்.

கப்பல் வந்தது!

வ.உ.சி. சபதத்தை நிறைவேற்றினார். எஸ்.எஸ். காலியா என்ற கப்பல் வாங்கப்பட்டது. 1907-ஆம் ஆண்டு மே மாதம் அது தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. எஸ்.எஸ். லாவோ என்ற இன்னொரு கப்பலும் அதே ஆண்டில் வந்தது.

காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் பயணம் செய்யலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். இரண்டாவது கப்பலும் ஏறக்குறைய அதே அளவு.

ஊரே மகிழ்ந்தது. வ.உ.சி.யின் நண்பர் பாரதியார், தம் இந்தியா பத்திரிகையில் உச்சி குளிர்ந்து எழுதினார். இத்தனை நாள் ஆங்கிலேயர் கொடி பறந்த பாதையில், நம்மவர்கள் பங்கு போட்டு வாங்கிய கப்பல் புகை விட்டுக்கொண்டு போகிறது! தாங்களும் 25 ரூபாய் போட்டவர்கள் கரையில் நின்று அதைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்? அது என் கப்பல் என்று மார்தட்டியிருப்பார்கள் இல்லையா?

கதை இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் கப்பலை வாங்குவதைவிட ஓட்டுவது கடினம் என்பது இனிமேல்தான் தெரியப் போகிறது.

கட்டணப் போர்

மக்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். ஆங்கிலக் கம்பெனிக்கு வருமானம் குறைந்தது. உடனே அவர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள். கொழும்புக்கு ஒரு ரூபாய் போதும் என்றார்கள். அப்போது ஒரு ரூபாய்க்கு 16 அணா. சுதேசிக் கம்பெனி என்ன செய்தது? எட்டணா, அதாவது அரை ரூபாய் என்று அறிவித்தது. அதற்கும் மேலே போய், சும்மாவே வாருங்கள், கூட ஒரு குடையும் தருகிறோம் என்று ஆங்கிலக் கம்பெனி ஆசை காட்டியதாகச் சொல்வார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண வகுப்பில் 1,300 பேரும் நிறைந்து, ஆளுக்கு அரை ரூபாய் கொடுத்தால் எவ்வளவு? 650 ரூபாய். ஆனால் கட்டணம் பாதியாகிவிட்டது என்பதற்காக நிலக்கரி பாதியாக எரியுமா? மாலுமிகள் பாதிச் சம்பளம் வாங்குவார்களா? கொதிகலனைப் பழுது பார்ப்பவர் பாதிக் கூலி கேட்பாரா? மாட்டார். வரவு குறைந்தது, செலவு அப்படியே நின்றது.

ஆங்கிலக் கம்பெனிக்கும் நஷ்டம்தான். ஆனால் அவர்களுக்கு வேறு பல பாதைகளில் கப்பல்கள் ஓடின. ஒரு பாதையில் விட்டதை இன்னொரு பாதையில் பிடித்துக்கொள்ளலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ இந்த ஒரு பாதைதான். பெரிய தொட்டியும் சிறிய குடமும் போட்டி போட்டு நீரைக் கொட்டினால் எது முதலில் காலியாகும்? போதாததற்கு அரசாங்க அதிகாரிகளின் தயவும் ஆங்கிலக் கம்பெனியின் பக்கமே இருந்தது.

அப்படியும் இலவசக் கப்பலை விட்டுவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள். கம்பெனி அத்தனை நாள் தாக்குப் பிடித்தது அவர்களால்தான்.

செக்கு

வ.உ.சி. கப்பலோடு நிற்கவில்லை. 1908-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் ஆங்கிலேயருக்குச் சொந்தமான கோரல் மில் தொழிலாளர்கள், குறைந்த கூலியையும் ஓய்வில்லாத வேலையையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் அவருடைய நண்பர் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். தொழிலாளர்கள் வென்றார்கள்.

ஆங்கில அரசுக்கு இது பொறுக்கவில்லை. அரசுக்கு எதிராகப் பேசினார்கள் என்று குற்றம் சாட்டி, 1908 மார்ச் 12-ஆம் நாள் இருவரையும் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலவரம். போலீசார் சுட்டதில் நால்வர் உயிரிழந்தார்கள்.

ஜூலை மாதம் தீர்ப்பு வந்தது. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மொத்தம் 40 ஆண்டு! அப்போது அவருக்கு வயது 35. செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் அதிர்ச்சியில் புத்தி பேதலித்துப் போனார். கடைசிவரை அவர் தேறவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் ஏறக்குறைய நாலரை ஆண்டு அவர் கிடந்தார்.

கோவைச் சிறையில் அவருக்குத் தரப்பட்ட வேலை என்ன தெரியுமா? செக்கிழுப்பது. மாடு இழுக்க வேண்டிய எண்ணெய்ச் செக்கை, கொளுத்தும் வெயிலில் அவர் இழுத்தார். அந்த நிலையிலும் சிறையில் படித்தார், எழுதினார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலை மனம் போல வாழ்வு என்ற பெயரில் தமிழாக்கினார். தம்மைச் சிறையில் அடைத்த நாட்டில் பிறந்தவர் நூலாயிற்றே என்று ஒதுக்கவில்லை.

வெளியே கம்பெனி என்ன ஆயிற்று? ஓடியாடி உழைத்தவர் உள்ளே இருக்கிறார். பங்கு சேர்க்க ஆள் இல்லை. கட்டணப் போரில் பட்ட கடனோ வளர்கிறது. 1911-ஆம் ஆண்டு கம்பெனி கலைக்கப்பட்டது. வீட்டையும் நோயுற்ற மகனையும் விட்டுப் போய் வாங்கிவந்த கப்பல்கள் கைமாறிப் போயின.

வெளியே வந்தபோது

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் விடுதலை. ஒரு காலத்தில் அவர் பேச்சைக் கேட்க ஆயிரமாயிரம் பேர் திரண்டார்கள். அன்று சிறை வாசலில் நின்றவர்கள் மிகச் சிலரே.

கையில் காசு இல்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறு கடை வைத்துப் பார்த்தார். குடும்பம் வறுமையில் தத்தளித்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். பல கடிதங்களுக்குப் பிறகு 347 ரூபாய்ச் சொச்சம் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. லட்சக்கணக்கில் ஊரார் பணத்தைத் திரட்டியவர், அந்தச் சிறு தொகைக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறக்காமல் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆங்கில ஆட்சியை எதிர்த்து அத்தனை துன்பம் பட்டவர், ஒரு நல்ல ஆங்கிலேயரின் பெயரை நாள்தோறும் வாயாரக் கூப்பிட்டார்!

கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையைத் தேடிப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் அச்சேற்றினார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார். அவர் விரும்பியபடி காங்கிரஸ் அலுவலகத்துக்கு அவரைக் கொண்டுசென்றார்கள். அங்கேதான் அவர் உயிர் பிரிந்தது.

ஒரு மாணவன் கேட்ட கேள்வி

பல ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். கப்பலும் போய்விட்டது, காசும் போய்விட்டது, அப்படியானால் அவர் தோற்றுத்தானே போனார் சார் என்று கேட்டான். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. தியாகியைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று அதட்டி உட்கார வைத்துவிட்டேன். அவன் முகம் வாடிப் போனது.

அவனுடைய அப்பா கடன் வாங்கி ஒரு பெட்டிக்கடை வைத்து, அதை அந்த மாதம்தான் மூடியிருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவன் கேலிக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறான். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று சொல்கிறேன்.

ஆமாம் தம்பி, கம்பெனி தோற்றது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே பாதையை நம்பியிருந்தது ஒரு பலவீனம். கட்டணப் போரைத் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு இல்லை. எல்லா வேலையும் ஒருவர் தோளிலேயே இருந்ததால், அவரைப் பிடித்து அடைத்ததும் எல்லாம் சரிந்தது. பிற்காலத்தில் தொழில் தொடங்குகிறவர்கள் இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அவர் முட்டாள்தனமாகத் தோற்கவில்லை. தனியாகக் கடன் வாங்காமல் ஊரைச் சேர்த்தார். வாடகைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கினார். சொன்னபடி கப்பலோடு வந்தார். அவர் கம்பெனி தொடங்கும்வரை, கப்பல் விடுவது வெள்ளைக்காரர்களால்தான் முடியும் என்று தென்னாட்டு மக்கள் பலரும் நம்பியிருந்தார்கள். அந்த நினைப்பு காலியா வந்த அன்றைக்கே உடைந்துவிட்டது. கப்பலை ஏலம் போடலாம். ஒரு முறை நம்மாலும் முடிந்தது என்ற நினைப்பை யார் ஏலம் போட முடியும்?

உன் அப்பா கடையை மூடினார் என்றால், அவர் ஒரு முறை துணிந்து திறந்தார் என்றும் அர்த்தம். எங்கே கணக்கு தவறியது என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, மறுபடியும் திறக்கலாம்.

இன்று தூத்துக்குடியில் கப்பல்கள் கடலுக்குள் தள்ளி நிற்பதில்லை. பெரிய துறைமுகமே இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு அதற்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டினார்கள். வருகிற கப்பல், போகிற கப்பல் எல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான் வந்துபோகின்றன.

ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்று உங்களுக்குத் தெரியும். அதே நாள்தான் வ.உ.சி.யின் பிறந்தநாளும். அடுத்த ஆசிரியர் தினத்தன்று உங்கள் ஆசிரியருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, இவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்குகிற கேள்வி ஏதாவது இருந்தால், அதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ளக் கூடாது!